இடது, வலது என்று எங்கள் கட்சிகளைப் பிரிக்க முடியுமா? வன்னியில் இருந்து ஒரு கேள்வி

புதுக்குடியிருப்பு ரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் புதுக்குடியிருப்பில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர மாணவருக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கட்சிமுறை பற்றிய பாடத்தில் இடதுசாரி, வலதுசாரி என்ற பிரிவு வரும். பிரித்தானியாவின் தொழிற்கட்சி, பழமைபேண் கட்சி என்று உதாரணம் சொல்லும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. வரி கூட வேண்டுமா குறைய வேண்டுமா, ஆஸ்பத்திரியை யார் நடத்துவது, தொழிற்சங்கத்துக்கு எவ்வளவு உரிமை என்று கேட்டால் பிள்ளைகளே இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுவார்கள்.

போன கிழமை ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "அப்ப வீடு எந்தப் பக்கம் ரீச்சர்? சைக்கிள்? சங்கு? திசைகாட்டி இடது என்றால் ஏன் ரணில் போட்ட வரியையே வாங்குது?" வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம், சைக்கிள் தமிழ்க் காங்கிரஸின் சின்னம், சங்கு பழைய இயக்கங்கள் சேர்ந்த கூட்டணியின் சின்னம், திசைகாட்டி ஆட்சியில் இருக்கும் தேசிய மக்கள் சக்தியின் சின்னம். இது கேட்கவேண்டிய கேள்விதான். அடுத்த தேர்தலில் இவர்கள் எல்லாருக்கும் வாக்கு இருக்கும்.

அன்றிரவு ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தேன். மேலே கட்சிகள், பக்கத்தில் வரி, அரச நிறுவனங்கள், மானியம், கூலி, காணி, அதிகாரப் பகிர்வு, பெண்கள், மத விவகாரம். தெற்குக் கட்சிகளுக்கு முதல் நான்கு கட்டமும் நிரம்பின. அதிகாரப் பகிர்வுக் கட்டத்தில் ஆளுக்கு ஒன்றரை வரி. தமிழ்க் கட்சிகளுக்கு அதிகாரப் பகிர்வுக் கட்டத்தில் இடம் போதவில்லை. கூலியும் வரியும் வெறுமையாகக் கிடக்கின்றன. என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் அக்காமார் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு விடிய எழும்பிப் போகிறவர்கள். அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டுப் படிப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

விஞ்ஞாபனங்களை வாசித்தால் போதுமா? வேறு எதைப் பார்த்து ஒரு கட்சி எங்கே நிற்கிறது என்று சொல்லலாம்? எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்காமல் எழுதினால் வகுப்பில் அப்படியே பாவிப்பேன்.

மல்லாவி வயல் எழுதியது:

ரீச்சர், எனக்குத் தெரிந்தது வயல். அதை வைத்தே சொல்கிறேன்.

2019 முடிவில் ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சி வந்ததும் வற் என்ற பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில் இருந்து 8 ஆக இறக்கினார்கள். வரி குறைப்பது வலதுசாரி என்று உங்கள் புத்தகம் சொல்லும். அதே அரசாங்கம் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. அது எந்தச் சாரி? நவம்பரில் தடையை எடுத்தபோது எங்கள் பக்கம் காலபோகம் விதைத்து முடிந்திருந்தது. பயிர் மஞ்சள் அடித்து நின்றதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் போகம் வழமையான மூடையில் பாதிகூட வரவில்லை.

இப்ப இருக்கிற அரசாங்கம் நெல்லுக்கான உரமானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயில் இருந்து 25,000 ஆக்கியது. ஏக்கருக்குப் பார்த்தால் பத்தாயிரம் சொச்சம். 2025 பெப்ரவரியில் நாடு கிலோ 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று உத்தரவாத விலையும் அறிவித்தார்கள். இது இடதுசாரி வேலை என்று நீங்கள் கட்டத்தில் எழுதலாம், பிழை இல்லை. ஆனால் ஈரப்பதம் 14 வீதத்துக்கு இறங்கினால்தான் நெல் சந்தைப்படுத்தல் சபை எடுக்கும். காயவைக்கத் தளம் இல்லாதவன், வெட்டு மெசின்காரனுக்கு அன்றைக்கே காசு கொடுக்க வேண்டியவன், வரம்பில் வைத்தே ஈர நெல்லை வியாபாரிக்குப் போடுகிறான். லொறி தெற்கே போகிறது. கொஞ்ச நாளில் அதே நெல் அரிசியாகப் பையில் கட்டுப்பட்டு எங்கள் கடைக்கே வருகிறது.

தமிழ்க் கட்சிகள் இதில் எங்கே நிற்கின்றன? போன தேர்தலில் வாக்குக் கேட்டு வந்த ஒருவரிடம் நெல் காயவைக்கும் தளம் பற்றிக் கேட்டேன். "அரசியல் தீர்வு வரட்டும் அண்ணை, எல்லாம் வரும்" என்றார். தீர்வு எனக்கும் வேண்டும். அதுவரைக்கும் நெல்லை எங்கே கொட்டுவது என்றும் யாராவது சொல்ல வேண்டும்.

விசுவமடு ஐயா எழுதியது:

பிள்ளை, கூட்டுறவுத் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அட்டவணையில் பிழை இல்லை. ஒரு கோட்டில் நிறுத்த முடியாத கட்சிகளை ஒரு கோட்டில் நிறுத்தப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். குறைந்தது இரண்டு கோடு வேண்டும். ஒன்று, பணம் யாரிடம் இருந்து யாருக்குப் போகிறது என்பது. மற்றது, கொழும்பில் இருக்கும் அதிகாரத்தில் எவ்வளவு எங்கள் கைக்கு வருகிறது என்பது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்ததே இல்லை. விசுவமட்டின் கதையே இதற்குச் சாட்சி.

1970இல் சிறிமாவோ அம்மையாரின் கூட்டரசாங்கம் வந்தது. சுதந்திரக் கட்சியோடு சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தன. இதைவிட இடதுபக்கம் சாய்ந்த அரசாங்கம் இந்த நாட்டில் இருந்ததில்லை. செத்தல் மிளகாய், வெங்காயம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். விசுவமடு, முத்தையன்கட்டு இளைஞர் குடியேற்றத் திட்டங்களில் காணி எடுத்தவர்களுக்கு அது பொற்காலம். என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இருந்து கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர். மிளகாய் விற்றுத்தான் கல்வீடு கட்டினார். சாக்கில் கட்டிய மிளகாயை லொறியில் ஏற்றும்போது வீடு முழுக்கத் தும்மும்.

அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலை, அதாவது தமிழ் மாணவருக்குக் கூடிய வெட்டுப்புள்ளி வைக்கும் முறையை, கொண்டுவந்தது. அதே அரசாங்கத்தின் 1972 அரசியலமைப்புத்தான் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, சிறுபான்மையோருக்குப் பாதுகாப்பாக இருந்த 29ஆம் பிரிவையும் இல்லாமல் செய்தது. ஒரே வீட்டில் தகப்பனுக்கு மிளகாய்க் காசு வந்தது, மகனுக்குக் கம்பஸ் கதவு சாத்தப்பட்டது. அந்த மகன்மார் பிறகு எங்கே போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1977இல் ஐக்கிய தேசியக் கட்சி திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. இறக்குமதி மிளகாய் வந்து விலை விழுந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டிலேயே தமிழர் மீது வன்முறை. மலையகத்தில் அடிபட்டு வந்த சனம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று குடியேறியது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழி என்று ஏற்றது. இதில் எது நல்ல அரசாங்கம், எது கெட்ட அரசாங்கம்? ஒரே வசனத்தில் பதில் எழுத முடியாது என்பதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டும்.

இப்போதைய தெற்குக் கட்சிகளுக்கு வருவோம். ஐக்கிய தேசியக் கட்சி 1977இல் எங்கே நின்றதோ பொருளாதாரத்தில் இன்றும் அங்கேதான். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் ரணில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறக்குறைய 300 கோடி டொலருக்கு நான்கு வருட ஒப்பந்தம் செய்தார். வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. விமான நிறுவனத்தை விற்கவும் மின்சார சபையைத் துண்டுதுண்டாகப் பிரிக்கவும் முனைந்தார்கள். வறியோருக்கான உதவித்திட்டத்தில் சமுர்த்தி போய் அஸ்வெசும வந்ததும் அவர் காலத்தில்தான்.

ஐக்கிய மக்கள் சக்தி 2020இல் அங்கிருந்து பிரிந்து வந்தது. தங்களுடையது சமூகச் சந்தைப் பொருளாதாரம் என்கிறார்கள். சந்தை இருக்கட்டும், ஏழைகள் விழாமல் அரசு தாங்கட்டும் என்று அர்த்தம். ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு, சுமையைப் பங்கிடும் முறையை மாற்றுவோம் என்றார்கள். மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்று சஜித் பிரேமதாச 2024இல் வடக்கிலேயே சொன்னார். அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வன்னி மாவட்டம் அவருக்கே கிடைத்தது.

தேசிய மக்கள் சக்தியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், உங்கள் மாணவி கேட்டதும் அதைத்தான். அதன் முதுகெலும்பு ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணி. 1965இல் ரோகண விஜேவீர மார்க்சியக் கட்சியாகத் தொடங்கியது. 1987இல் இந்திய இலங்கை உடன்படிக்கைக்கு எதிராக ஆயுதம் தூக்கியது. இணைந்திருந்த வடக்குக் கிழக்கு 2006இல் பிரிக்கப்பட்டதும் அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கால்தான். பொருளாதாரக் கோட்டில் இடது; அதிகாரக் கோட்டில் கொழும்பை விட்டுக் கொடுக்காத கட்சி. இன்று ஆட்சியில் இருக்கும்போது ரணில் நாணய நிதியத்தோடு செய்த அந்த ஒப்பந்தத்தைத் தொடர்கிறார்கள். அரசாங்கம் வட்டி தவிர்ந்த செலவுக்கு மேலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற இலக்கு அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால்தான் வரி அப்படியே. அந்த வேலிக்குள் நின்றுகொண்டு சில காரியம் செய்தார்கள்: தனியார் துறைக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000 ரூபா. அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இல் இருந்து படிப்படியாக 40,000 ஆக்கும் அறிவிப்பு. அஸ்வெசுமவில் மிக வறிய குடும்பத்துக்கு 15,000 இருந்தது 17,500. விமான நிறுவன விற்பனை நிறுத்தம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் அக்காமாரைச் சொன்னீர்களே, அவர்களின் கட்டத்தில் எழுத இது உண்மையான விஷயம், மறைக்கக் கூடாது.

அதிகாரக் கோட்டில், 2015 தொடக்கம் 2019 வரை நடந்த அரசியலமைப்பு வேலையை முடித்துப் புதிய யாப்புக் கொண்டுவருவோம், அதுவரை மாகாண சபையை நடத்துவோம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதினார்கள். 1979இல் வந்த அந்தச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. மாகாண சபைத் தேர்தலும் நடக்கவில்லை.

சரி, எங்கள் கட்சிகள். 1944இல் ஜி.ஜி. பொன்னம்பலம் தொடங்கிய தமிழ்க் காங்கிரஸ் முதல் பாராளுமன்றத்தில் ஐ.தே.க. அரசாங்கத்தில் சேர்ந்தது. அவர் கைத்தொழில் அமைச்சர். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் ஆகிய மூன்றையும் சனம் அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்லும். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது அந்த அரசாங்கத்தோடு நிற்க முடியாது என்று செல்வநாயகம் பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார், சமஷ்டி கேட்டு. தொழிற்சாலை ஒரு பக்கம், உரிமை ஒரு பக்கம் என்ற அந்தப் பிளவு எழுபத்தைந்து வருடமாக ஆறவில்லை. இன்று தமிழரசு சமஷ்டி கேட்கிறது. தமிழ்க் காங்கிரஸை உள்ளடக்கிய தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி "ஒரு நாடு, இரு தேசம்" என்கிறது. 13ஐத் தொடக்கப் புள்ளியாகக்கூட ஏற்காது. சங்குச் சின்னக்காரர் பழைய இயக்கங்கள். அவர்களில் ஈ.பி.ஆர்.எல்.எஃப் மாதிரியான இயக்கம் எண்பதுகளில் கூலி விவசாயி, சாதி ஒழிப்பு, வர்க்கம் என்று பக்கம் பக்கமாக எழுதியது. நான் அந்தக் காலத்தில் அந்தத் துண்டுப் பிரசுரங்களை வாசித்தவன். இன்றைய விஞ்ஞாபனத்தில் அந்த வாசம்கூட இல்லை, அது எனக்குப் பெரிய கவலை.

ஏன் இப்படி ஆனது? தலைவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போகலாம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. விவசாயம், கூட்டுறவு, பாடசாலை, உள்ளூர் வீதி எல்லாம் 13ஆம் திருத்தத்தில் மாகாணத்துக்குரியவை. தமிழ்க் கட்சி ஒன்று பொருளாதாரம் பற்றி வாய்திறந்தே ஆகவேண்டிய இடம் அந்தச் சபைதான். அது ஒரேயொரு முறை, 2013இல், எங்கள் வாக்கில் வந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38இல் 30 ஆசனம் எடுத்தது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. பிறகு ஆளுநர் ஆட்சி. நிர்வாகம் செய்ய இடமில்லாத கட்சிக்கு நெல் தளம் பற்றிக் கொள்கை தேவைப்படுவதில்லை. மல்லாவித் தம்பிக்குக் கிடைத்த பதில் அங்கிருந்து வந்தது. கிடைத்த ஐந்து வருடத்தை அந்தச் சபை நன்றாகப் பாவித்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். தீர்மானங்கள் மலிந்தன, மாகாண சபை இயற்றும் சட்டங்களான நியதிச்சட்டங்கள் அரிதாகவே வந்தன. கூட்டுறவுக்காரர் எங்களை யாராவது கூப்பிட்டு "நெல்லைச் சங்கங்களே வாங்கி ஆலை போடுவதற்கு என்ன வேண்டும்" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தோம்.

முசலியான் எழுதியது:

ரீச்சர், ஐயா சொன்ன இரண்டு கோட்டோடு மன்னாருக்கு ஒன்று கூட்டுங்கள்: திணைக்களம். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து துரத்தப்பட்ட குடும்பம் எங்களுடையது. புத்தளத்தில் வளர்ந்தேன். யுத்தம் முடிந்து காணிக்கு வந்தபோது அது காடாகி இருந்தது. 2017இல் மைத்திரிபால சிறிசேன காலத்தில் முசலிப் பக்கத்தில் பெரும் பரப்பை மாவில்லு ஒதுக்கக்காடாக வர்த்தமானியில் போட்டார்கள். அது நல்லாட்சி அரசாங்கம். நாங்களும் தமிழரும் சேர்ந்து வாக்களித்துக் கொண்டுவந்தது. ஆட்சியில் யார் இருந்தாலும் வன வளம், வனசீவராசிகள், தொல்பொருள் ஆகிய மூன்று திணைக்களமும் ஒரே திசையில்தான் போகின்றன. ஒரு கட்சியைச் சோதிக்க வேண்டுமானால் அந்தத் திணைக்களங்களைக் கட்டுப்படுத்துமா என்று கேளுங்கள்.

எங்கள் கட்சிகளையும் விடாமல் எழுதுங்கள். ரிசாத் பதியுதீனின் மக்கள் காங்கிரஸ் மகிந்தவோடும் இருந்தது, ரணிலோடும் இருந்தது, 2024இல் வன்னியில் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில் நின்றது. வீடும் வீதியும் வேலையும் வந்தன, நான் மறுக்கவில்லை; மீள்குடியேறிய சனத்துக்கு அது உயிர். ஆனால் வற் வரி பற்றியோ குறைந்தபட்சச் சம்பளம் பற்றியோ அந்தக் கட்சியின் நிலைப்பாடு என்னவென்று நான் கேட்டதில்லை. 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 20ஆம் திருத்தத்துக்கு முஸ்லிம் கட்சிகளின் எம்.பி.மார் பலர் கைதூக்கினார்கள்; தலைவர்களான ரிசாத்தும் ரவூப் ஹக்கீமும் எதிர்த்தார்கள். அதே அரசாங்கம் 2021 பெப்ரவரி வரைக்கும் கொரோனாவில் இறந்த எங்கள் சனத்தின் மையித்துகளை, அதாவது உடல்களை, அடக்கம் செய்ய விடாமல் எரித்தது. இந்தக் காயம் ஆற இன்னும் காலம் எடுக்கும்.

சமூக விஷயம் என்று பார்த்தால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். குறைந்தபட்ச வயது 18 ஆக வேண்டும், காதி நீதிபதியாகப் பெண்களும் வர வேண்டும் என்று கேட்பவர்கள் எங்கள் பெண்களே. என் மகளுக்குப் பதினாறு வயது, நானும் அவர்கள் பக்கம்தான். கட்சிகள் உலமாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

கனகபுரம் அக்கா எழுதியது:

தங்கச்சி, பெண்கள் என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள்? நான் கிளிநொச்சியில் பெண்கள் சங்கம் ஒன்றில் வேலை செய்கிறேன். அந்தக் கட்டத்தை மூன்று காகிதத்தை வைத்து நிரப்புவேன்.

முதலாவது காணி அனுமதிப்பத்திரம். வன்னியில் பலருக்கு உறுதிக்காணி இல்லை, அரசகாணிப் பெர்மிட்தான். 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்து எழுதாமல் ஒருவர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம். 2022இல் அதைத் திருத்தி ஆணும் பெண்ணும் சமம் என்றார்கள். நாடு பெற்றோல் வரிசையில் நின்ற ஆண்டில் சத்தமில்லாமல் வந்த நல்ல காரியம் அது. பல வீடுகளில் இன்னும் தெரியாது. உங்கள் மாணவிகள் வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

இரண்டாவது தேசவழமை, வடக்குத் தமிழரின் சொத்துகளுக்கான பழைய சட்டம். வடக்குத் தமிழ்ப் பெண் தன் பெயரில் இருக்கும் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால்? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி எடுக்கலாம். அதற்குச் சட்டத்தரணி, காசு, தவணை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, இறந்ததாகப் பதியாமலே, காணாமற்போனதற்கான சான்றிதழ் எடுக்கலாம். ஆனால் பிள்ளையைத் தேடி 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய அம்மாமாரிடம் ஒரு சான்றிதழை நீட்டுவது எவ்வளவு கனமான காரியம் என்று எனக்குத் தெரியும். தேசவழமையைத் திருத்துவோம் என்று நான் வாசித்த எந்தத் தமிழ்க் கட்சி விஞ்ஞாபனத்திலும் இல்லை. தமிழ்த் தேசியம் பேசுகிறவர்கள் இதை எடுத்தால் அவர்களுக்குத்தான் பலம்.

மூன்றாவது நுண்கடன் புத்தகம். யுத்தம் முடிந்ததும் கொம்பனிகள் வாசலுக்கு வந்து குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தன. கிழமைக்கு கிழமை வசூல். கட்டமுடியாமல் ஒருத்தி காட்டுக்குள் ஒளிந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் இருந்த கடனை அரசு ஏற்பதாக நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தார். ஐ.தே.க. அரசாங்கம் அது, ஐயா சொன்ன வலதுபக்கம். அந்த அறிவிப்புக்குப் பின்னால் தெருவில் நின்ற பெண்கள் இருந்தார்கள். கட்சியின் நிறத்தை மட்டும் பார்த்தால் இது விளங்காது.

உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் என்ற சட்டம் 2018 தேர்தலில் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. பட்டியலை நிரப்ப வேண்டும் என்று கடைசி நேரத்தில் பெயர் கேட்டு எங்கள் சங்கத்துக்குக் கட்சிக்காரர் வந்தார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் நல்லாக வேலை செய்தார்கள். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டம் 365ஐத் திருத்தும் தனிநபர் பிரேரணை அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதைக் கொண்டுவந்தவர் மொட்டுக் கட்சி உறுப்பினர். வகுப்பில் இதையும் கேளுங்கள், பிள்ளைகள் நாங்கள் நினைப்பதைவிடத் தெளிவாகப் பேசுவார்கள்.

புதுக்குடியிருப்பு ரீச்சர் எழுதியது:

ஐயா, அக்கா, முசலி நானா, மல்லாவி அண்ணா, எல்லாருக்கும் நன்றி. அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. மாகாண சபை இல்லாததுதான் காரணம் என்றால், அதை நடத்தாமல் வைத்திருப்பது யார்? கட்சிகள் எல்லாம் வேண்டும் என்றுதானே சொல்கின்றன? அப்புறம் 2024இல் வன்னியில் திசைகாட்டிக்கு இரண்டு ஆசனம் கிடைத்ததை எப்படி விளக்குவது? உரிமையை விட்டுவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள்.

விசுவமடு ஐயா எழுதியது:

பிள்ளை, முதல் கேள்விக்குப் பதில் பாராளுமன்றத்தில் இருக்கிறது. 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி பாதி விகிதாசாரம் என்று ஆக்கினார்கள். அதற்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல் தேர்தல் தொங்கியது. இதைச் சரிசெய்யச் சாதாரண பெரும்பான்மை போதும். இன்றைய அரசாங்கத்துக்கு 225இல் 159 இருக்கிறது. ஆகவே இப்போது அந்தப் பொறுப்பு அவர்களுடையது, வேறு யாருக்கும் தள்ள முடியாது. தமிழ்க் கட்சிகளும் இந்த ஒன்றிலாவது சேர்ந்து நின்று மாதத்துக்கு மாதம் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவதுக்கு, அந்தத் தேர்தலின் மற்ற நான்கு ஆசனத்தையும் பாருங்கள்: தொலைபேசி ஒன்று, சங்கு ஒன்று, வீடு ஒன்று, தொழிற்கட்சி ஒன்று. ஆறு ஆசனத்துக்கு ஐந்து கட்சி. யாழ்ப்பாணத்தில் திசைகாட்டிக்கு மூன்று ஆசனம் கொடுத்த சனம், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக்கு முதலிடம் கொடுத்தது. இடையில் என்ன நடந்தது? மார்ச் 28இல் வடக்கில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிக்கு உரித்தை மூன்று மாதத்துக்குள் நிரூபிக்காவிட்டால் அரசகாணி என்று ஒரு வர்த்தமானி வந்தது. இடம்பெயர்ந்து உறுதி தொலைத்த சனத்திடம் அப்படிக் கேட்டால் என்ன செய்யும்? வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்து, அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. அந்த வர்த்தமானி கூட்டங்களில் எவ்வளவு பேசப்பட்டது என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே அரசாங்கம் 2025 வரவு செலவுத்திட்டத்தில் வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடி ரூபா ஒதுக்கியது. முல்லைத்தீவுச் சனம் வருடக்கணக்காகக் கேட்ட பாலம். ஒரே கையால் பாலத்துக்கும் வர்த்தமானிக்கும் கையெழுத்து. சனம் இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டது. உரிமையை விட்டவர்கள் அப்படி வாக்களிக்க மாட்டார்கள்.

வகுப்புக்கு ஒரு வேலை சொல்கிறேன். விஞ்ஞாபனத்தை ஒரு பக்கமும் பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டை மறுபக்கமும் வைத்து, ஒரு கட்சிக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக் கொடுங்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட் இருக்கிறது, தமிழில் பேசியவை தமிழிலேயே இருக்கும். வரவு செலவுத்திட்ட விவாதத்தில் விவசாய அமைச்சு, காணி அமைச்சு, மகளிர் அமைச்சு ஆகிய மூன்று நாளையும் எடுத்து, வன்னி உறுப்பினர் ஆறு பேரும் என்ன பேசினார்கள், எந்தப் பக்கம் கைதூக்கினார்கள், அன்றைக்குச் சபையில் இருந்தார்களா என்று பார்க்கட்டும். கிளிநொச்சிப் பிள்ளைகள் இருந்தால் யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர்களைப் பார்க்க வேண்டும், அவர்களுக்கு வாக்கு அந்தப் பக்கம். அச்செடுக்க வசதி இல்லையென்றால் எனக்குத் தனிமடலில் எழுதுங்கள், நான் எடுத்து வைத்த பிரதிகளைப் புதுக்குடியிருப்புப் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.